கஸ்டம் ஆக்‌ஷன் எது எடுக்கலாம்? 6 பிபிசி பெஞ்ச்ரெஸ்ட், ஒகையோ மச்சானுக்காகக் கேட்கிறேன்

அம்பத்தூர்_டூல்ரூம்:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி எனக்காக இல்லை. வீட்டுக்காரம்மாவின் தம்பி ஒகையோவில் குடியுரிமை வாங்கி அங்கேயே இருக்கிறார். வார இறுதிகளில் 100 யார்டு, 200 யார்டு பெஞ்ச்ரெஸ்ட் சுடுவார், அதாவது ரைபிளை மேஜையில் மணல்மூட்டை மேல் வைத்து, குண்டுகள் நெருங்கி விழும்படி சுடுகிற போட்டி. இதுவரை ஒரு ஃபேக்டரி ரைபிளின் ஆக்‌ஷனைத் (போல்ட்டும் அது ஓடுகிற ரிசீவரும்) தட்டிக் கொட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். இப்போது லைட் வார்மின்ட் என்கிற எடை வகுப்புக்கு முழுக்கப் புதிதாக ஒன்று கட்டப் போகிறார். ஸ்கோப்போடு சேர்த்து 10.5 பவுண்டு, அதாவது 4.76 கிலோவுக்குள் இருக்க வேண்டும். தோட்டா 6 பிபிசி (6 PPC, 6 மி.மீ. குண்டு).

அவர் பட்டியலில் இருப்பது மூன்று: பேட், கெல்ப்ளி பாண்டா, போர்டன். நான் டூல்ரூமில் காலம் தள்ளியவன் என்பதால் ஸ்பெக் எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பி, "மாமா, நீங்களே பார்த்து ஒன்று சொல்லுங்க" என்கிறார். நான் எழும்பூர் ரேஞ்சில் .22 ப்ரோன் (படுத்தபடி) சுடுகிறவன். சென்டர்ஃபயர் (தோட்டாவின் அடி நடுவில் பின் அடிப்பது) பெஞ்ச்ரெஸ்ட் பற்றிப் படித்ததுதான்.

என் கணக்கு இது: எதில் போல்ட்டுக்கும் ரிசீவருக்கும் இடைவெளி குறைவோ அதை எடுக்கலாம். சரியா, தப்பா?

வேளச்சேரி_ஃப்ளாக்:

வணக்கம் சார். கிரீன் கார்டில் டெக்சாஸில் இருந்தபோது இந்த விளையாட்டில் கொஞ்சம் பணத்தைக் கரைத்தவன் நான். அதனால் உரிமையோடு சொல்கிறேன், இடைவெளியை மட்டும் பார்த்து ஆக்‌ஷன் எடுக்காதீங்க.

போல்ட் என்பது கேஜ் பிளக் (துளை அளக்கும் கருவி) இல்லை. ஒவ்வொரு ஷாட்டுக்கும் கரி வரும், பித்தளைத் துகள் வரும், மைதானத்துத் தூசி வரும். பத்து மைக்ரானில் ஓடுகிற போல்ட் மதியத்துக்குள் மணலை அரைக்க ஆரம்பித்துவிடும். அப்புறம் அதை இழுக்கிற அசைவில் ரைபிள் மணல்மூட்டை மேல் நகரும். நகர்ந்தால் திரும்பக் குறி பார்க்க நேரம் போகும், அதற்குள் காற்று மாறிவிடும்.

பார்க்க வேண்டியது, போல்ட் பூட்டி, ஃபயரிங் பின் காக் ஆகி (ஸ்பிரிங் அழுந்திச் சுடத் தயாராகி) நிற்கிற அந்த ஒரு நிலையில் போல்ட் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை. ட்ரிகரின் சியர் (பிடித்து நிறுத்தும் கொக்கி) கீழிருந்து காக்கிங் பீஸை (ஃபயரிங் பின்னின் வால்) தாங்குகிறது, அதாவது மேலே தள்ளுகிறது. போல்ட்டின் பின்பக்கத்தில் இடைவெளி இருந்தால் அந்த அளவுக்கு வால் மேலே ஏறும், மூக்கு கீழே இறங்கும். அப்போது மேல் லக் (போல்ட் முனையில் பூட்டும் பல்) தன் இருக்கையை விட்டு விலகி நிற்கும், கீழ் லக் மட்டும்தான் தொட்டுக்கொண்டிருக்கும். சுட்டவுடன் அழுத்தம் வந்து போல்ட்டைப் பின்னால் அடித்து நேராக்கும். அந்த அடி ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்காது.

அம்பத்தூர்_டூல்ரூம்:

புரிகிறது தம்பி. அப்படியென்றால் முழு நீளத்துக்கும் டைட்டாக வேண்டாம், பூட்டும் நிலையில் மட்டும் பின்பக்கம் டைட்டாக இருந்தால் போதும், இல்லையா? நான் வரைந்தால் போல்ட் உடம்பில் இரண்டு இடத்தில் சின்ன மேடு விடுவேன். திறந்திருக்கும்போது அந்த மேடு ரேஸ்வேயின் (போல்ட் ஓடும் பாதை) வெட்டுப் பகுதியில் இருக்கணும், திருப்பிப் பூட்டும்போது சுவரில் ஏறி உட்காரணும்.

வேளச்சேரி_ஃப்ளாக்:

சார், நீங்கள் வரைந்ததை ஏற்கெனவே செய்து விற்கிறார்கள். பென்சில்வேனியா போர்டனின் போல்ட்டில் அதுதான். பேரே போர்டன் பம்ப்ஸ். தள்ளும்போது தாராளம், பூட்டினால் இறுக்கம்.

கொரட்டூர்_குமரன்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும் அண்ணா. நான் புதுசு, இப்போதுதான் ஏர் ரைபிள் பழகுகிறேன். ஆக்‌ஷன் என்றால் எது வரைக்கும்? பேரல்தானே குண்டை நேராக அனுப்புகிறது? இதற்கு எதற்கு ஆயிரத்தைந்நூறு டாலருக்கு மேல்?

அடையாறு_ப்ரோன்:

தம்பி, பேரலும் ஸ்டாக்கும் ட்ரிகரும் போக நடுவில் மிச்சம் இருப்பதுதான் ஆக்‌ஷன்: ரிசீவர், அதற்குள் ஓடுகிற போல்ட், போல்ட்டுக்குள் ஃபயரிங் பின்னும் ஸ்பிரிங்கும். போல்ட் முனையில் இருக்கும் இரண்டு லக், வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் மாதிரி ரிசீவருக்குள் திரும்பிப் பூட்டுகிறது. வெடிக்கும்போது வரும் அழுத்தம் முழுவதையும் அந்த இரண்டு லக் தாங்க வேண்டும், இரண்டும் சமமாகத் தாங்க வேண்டும்.

பேரல் முக்கியம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 6 பிபிசி பேரல் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ஷாட்டில் போட்டித் தரத்தை விட்டு இறங்கிவிடும் என்கிறார்கள். கழற்றி வேறு போடுவார்கள். ஆக்‌ஷன் பல பேரலைப் பார்த்துவிடும். அதனால்தான் அதில் ஒரு தடவை நன்றாகச் செலவழிக்கிறார்கள்.

எவ்வளவு நுணுக்கமான விளையாட்டு என்று தெரிய ஒன்று சொல்கிறேன். 1973-ல் மேக் மெக்மில்லன் 100 யார்டில் ஐந்து ஷாட் சுட்ட க்ரூப் 0.009 இன்ச். ஒன்றுக்கொன்று அதிகம் தள்ளியிருக்கும் இரண்டு துளைகளின் மையத்துக்கு மையம் அளந்தது, கால் மில்லிமீட்டர்கூட இல்லை. அதை முறியடிக்க 2013 வரை ஆனது. மைக் ஸ்டின்னெட் 0.0077 போட்டார். ஒரு க்ரூப் அதிர்ஷ்டத்திலும் வரும் என்பார்கள். போட்டியில் ஜெயிக்க ஐந்து க்ரூப்பின் சராசரி வேண்டும். அது 0.2 இன்ச்சுக்குக் கீழே இறங்கினால்தான் பேச்சு.

பெரம்பூர்_பாலு:

அமெரிக்காக்காரன் வாங்கப்போகிற சாமானுக்கு அம்பத்தூரிலும் அடையாறிலும் உட்கார்ந்து இவ்வளவு சண்டையா! ஏன் சார், உங்க எஸ்டேட்டில் இல்லாத மெஷினா? வயர்கட் இருக்கு, ஜிக் போரிங் இருக்கு, வேக்குவம் ஹீட் ட்ரீட்மென்ட் இருக்கு. நீங்களே ஒன்று போட்டுக் கொடுத்துவிடலாமே?

நெறியாளர்:

பாலு அண்ணன் தமாஷுக்குத்தான் சொல்கிறார் என்று தெரியும். ஆனாலும் படிக்கிறவர்கள் நிஜம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1959 ஆயுதச் சட்டம் ஐந்தாம் பிரிவின்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது, மாற்றியமைப்பது, ரிப்பேர் பார்ப்பது எல்லாமே குற்றம். உதிரி பாகமும் ஆயுதம் என்கிற வரையறைக்குள்தான் வருகிறது. ரிசீவரைத் தனியாகச் செய்தாலும் அதே கதைதான். தோட்டாவை வீட்டில் ரீலோட் செய்வது (சுட்ட கூட்டை மறுபடி நிரப்புவது) பற்றிய கேள்வியும் இங்கே வேண்டாம்.

உரிமம் இல்லாமல் வாங்கக்கூடியது .177 அளவில், 20 ஜூலுக்கு மேல் போகாத ஏர் ரைபிள். அதற்கு மேல் எல்லாமே உரிமம். அந்த உரிமத்திலும் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், முன்பு மூன்று. விளையாட்டு வீரர்களுக்குத் தனி விலக்கு உண்டு, தகுதியைப் பொறுத்து. இழை தொடரட்டும்.

அம்பத்தூர்_டூல்ரூம்:

நெறியாளருக்கு நன்றி. பாலு சார், என் கையில் மெஷின் இருக்கு என்பதற்காக ஜெயிலுக்குப் போக நான் தயாரில்லை. மச்சான் கேட்பது கண்ணும் காதும்தான், கையில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். பழைய ஆக்‌ஷனையே ஒரு நல்ல கன்ஸ்மித்திடம் கொடுத்து ட்ரூ பண்ணினால் ஆகாதா என்று என் மனைவி கேட்கிறாள். தம்பி பணம் என்றால் அக்காவுக்குக் கணக்கு வந்துவிடும்.

வேளச்சேரி_ஃப்ளாக்:

அக்கா கேட்பது நியாயமான கேள்வி. நானும் அதில் ஆரம்பித்தவன்தான்.

ட்ரூயிங் என்றால் என்னென்ன: ரிசீவர் முகத்தை அச்சுக்குச் செங்குத்தாக்குவது, இழையைத் திரும்ப வெட்டுவது, லக் இருக்கையைச் சமன்படுத்துவது, போல்ட் முகத்தைக் கடைவது, ஃபயரிங் பின் துளைக்கு புஷ் போட்டுச் சின்னதாக்குவது, போல்ட்டுக்கு ஸ்லீவ் ஏற்றுவது. 6 பிபிசி என்றால் கேஸின் (தோட்டாவின் பித்தளைக் கூடு) அடிக்கு ஏற்ற போல்ட் முகமும் வேண்டும். .223 வகை முகம் என்றால் திறக்கணும், .308 வகை முகம் என்றால் வேறு போல்ட்தான். இதையெல்லாம் கூட்டினால் கஸ்டம் விலையின் பக்கத்தில் வந்துவிடும். விற்கப் போனால் ட்ரூ பண்ணினதற்கு யாரும் காசு தர மாட்டார்கள், கஸ்டத்துக்குத் தருவார்கள்.

ஆனாலும் ஒன்று. ரெமிங்டன் 700 என்கிற ஃபேக்டரி ரைபிளின் அடித்தளத்தைத்தான் இந்த கஸ்டம்காரர்களில் பலரும் பின்பற்றுகிறார்கள். அதற்கென்று செய்த ட்ரிகர் பொருந்தும், ஸ்டாக் பொருந்தும். அதனால் பழைய ரைபிளுக்கு வாங்கிய ஜூவெல் ட்ரிகர் மச்சானிடம் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம்.

அடையாறு_ப்ரோன்:

எனக்கு இன்னொரு கேள்வி இருக்கு. எல்லாரும் லக், இடைவெளி என்று பேசுகிறீர்கள். இக்னிஷன் (தோட்டாவைப் பற்றவைக்கிற அடி) பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே?

நான் சுடுவது .22. ரிம்ஃபயரில் இதுதான் உயிர். ஃபயரிங் பின் விளிம்பில் எந்த இடத்தில் அடிக்கிறது, எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம், இது மாறினால் எவ்வளவு நல்ல தோட்டா லாட் (ஒரே தயாரிப்புத் தொகுதி) வாங்கினாலும் 50 மீட்டரில் செங்குத்தாக இழுக்கும். நம்ம ரேஞ்சில் அன்ஷூட்ஸ் ரைபிள் வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் ஃபயரிங் பின் ஸ்பிரிங்கை மாற்றியிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். லாட் சரியில்லை, லாட் சரியில்லை என்று பெட்டி பெட்டியாக மாற்றுவார்கள், ஸ்பிரிங்கைத் தொட மாட்டார்கள்.

வேளச்சேரி_ஃப்ளாக்:

மேடம் சொன்னதுதான் இந்த இழையிலேயே பெரிய விஷயம். சென்டர்ஃபயரிலும் அதே கதை.

ஃபயரிங் பின் முன்னால் ஓடுகிற தூரம் கால் இன்ச்சுக்குச் சற்றுக் குறைவு. முனை மெல்லியதாக, போல்ட் முகத் துளையில் அசையாமல் பொருந்தணும். துளை பெரிதாக இருந்தால் ப்ரைமரின் (தோட்டா அடியில் பொறி தரும் சின்ன மூடி) உலோகம் பின்னால் அதற்குள் பிதுங்கி, சுட்ட கேஸின் அடியில் எரிமலை வாய் மாதிரி விளிம்பு தெரியும். ஸ்பிரிங் போல்ட்டின் உள்சுவரை உரசினால் அடி ஒவ்வொரு தடவையும் வேறு. இதில் எது கெட்டாலும் க்ரூப் மேலும் கீழுமாக நீளும். காற்று இழுத்தால் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் நீளும். செங்குத்து வந்தால் முதலில் வெடிமருந்து அளவைப் பார், அது சரி என்றால் இக்னிஷனைப் பார். வயதான பெஞ்ச்காரர்கள் எல்லாரும் இதே வரிசையில்தான் போவார்கள்.

இதோடு கட்டிப்போட்ட விஷயம் போல்ட் டைமிங். போல்ட்டைத் திறக்கும்போது கேம் (சரிவான வெட்டு) ஏறி ஃபயரிங் பின் பின்னால் போய் ஒரு சின்ன வெட்டில் உட்காரும். மூடும்போது அதை ட்ரிகர் சியர் கைமாற்றி வாங்கணும். சியர் ரொம்பப் பின்னால் இருந்தால் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். போல்ட்டை முன்னால் தள்ளும்போதே ஸ்பிரிங்கை எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கும், மணல்மூட்டையில் ரைபிள் நகரும். சியர் ரொம்ப முன்னால் இருந்தால் பின் கொஞ்சம் இறங்கிய பிறகுதான் பிடிக்கும். ஓடும் தூரமும் குறையும், ஸ்பிரிங் பலமும் குறையும். மோசமான நிலையில் பின் போகிற வழியில் கேம் சரிவிலேயே உரசும்.

ஆக்‌ஷன் எவ்வளவு அழகாகச் செய்திருந்தாலும் ட்ரிகர் மாற்றினால் டைமிங் மாறும். ட்ரிகருக்கு ட்ரிகர் சியர் நிற்கும் இடம் கொஞ்சம் வித்தியாசம். அதனால் ஆக்‌ஷன் ஆர்டர் செய்யும்போதே எந்த ட்ரிகர் என்று சொல்லி, அதற்கே டைம் பண்ணித் தரச் சொல்லணும்.

அம்பத்தூர்_டூல்ரூம்:

இந்த ஒரு பதிவுக்காகவே இழை ஆரம்பித்தது பலித்தது. நேற்று ராத்திரி மச்சானிடம் பழைய ரைபிளைக் காலி சேம்பரில் (தோட்டா இல்லாமல்) வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். "போல்ட்டை விரல் நுனியால் தள்ளு, அவசரப்படாதே" என்று சொல்லியிருந்தேன்.

தள்ளுகிறார், வழுக்கிக்கொண்டு போகிறது. கடைசி அரை இன்ச்சில் நிற்கிறது. விரல் நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்துகிறார், அப்போதுதான் உள்ளே போய்க் கைப்பிடி இறங்குகிறது. அழுத்தும்போது பேரல் முனை மூட்டையில் இடதுபக்கம் தாண்டுவது செல்ஃபோன் வீடியோவிலேயே தெரிகிறது. "இதுக்கு பேர் என்ன தெரியுமா?" என்று கேட்டேன். "பழகிடுச்சு மாமா, எல்லா ரைபிளும் இப்படித்தான்னு நினைச்சேன்" என்கிறார்.

லக்கில் மார்க்கிங் ப்ளூ (தொடும் இடத்தைக் காட்டும் நீல மை) தடவி, காக் ஆன நிலையில் சில தடவை பூட்டித் திறந்து படம் அனுப்பச் சொன்னேன். கீழ் லக்கில் நீலம் தேய்ந்து வெள்ளி மின்னுகிறது. மேல் லக்கில் தடவின நீலம் அப்படியே இருக்கிறது, ஓரத்தில் ஒரு நகக்கீறல் அளவுக்கு மட்டும் தேய்மானம். தம்பி முதல் பதிவில் சொன்னது எழுத்துக்கு எழுத்து.

ஒகையோ_மச்சான்:

வணக்கம் எல்லாருக்கும். மாமா என் மானத்தை வாங்குவதைப் படித்துவிட்டு நானே கணக்கு தொடங்கிவிட்டேன்.

வேளச்சேரி அண்ணா, டைமிங் புரிந்தது. இரண்டு சந்தேகம். ஒன்று, பாண்டா ரிசீவர் அலுமினியம், பேட் ஸ்டீல். இங்கே ரேஞ்சில் பாதிப் பேர் அலுமினியத்தைச் சத்தியம் பண்ணுகிறார்கள், பாதிப் பேர் மூக்கைச் சுளிக்கிறார்கள். இரண்டு, போர்ட் (தோட்டா போடவும் கூட்டை எடுக்கவும் ரிசீவரில் இருக்கிற வாய்). ரைட் போல்ட், லெஃப்ட் போர்ட் என்று ஒருவர், டூயல் போர்ட் என்று ஒருவர், ட்ராப் போர்ட் என்று இன்னொருவர். தலை சுற்றுகிறது.

வேளச்சேரி_ஃப்ளாக்:

வாங்க வாங்க. அலுமினியம் என்றவுடன் பயப்பட வேண்டாம். பாண்டாவில் லக் பூட்டுவது உள்ளே வைத்த ஸ்டீல் இன்சர்ட்டில்தான், அலுமினியத்தில் இல்லை. அலுமினியம் எடுப்பதன் காரணமே 10.5 பவுண்டு வரம்பு. ரிசீவரில் மிச்சம் பிடிக்கும் எடையைப் பேரலில் போட்டுக் கொழுத்த பேரலாக எடுக்கலாம். கொழுத்த பேரல் விறைப்பாக நிற்கும், சூடும் மெதுவாக ஏறும். பாண்டாவின் அடிப்பகுதி தட்டையாக, அகலமாக இருப்பதால் எபாக்ஸி போட்டு ஸ்டாக்கில் ஒட்டுவதற்குப் பரப்பளவும் அதிகம். பெஞ்ச்ரெஸ்ட்டில் ஸ்க்ரூவை மட்டும் நம்பாமல் ஒட்டியே விடுகிறார்கள். கழற்ற வேண்டும் என்றால் சூடு காட்டினால் பசை விட்டுவிடும்.

போர்ட் விஷயத்தில் என் கருத்து: நீங்க வலதுகை என்றால் வலது போல்ட், இடது போர்ட். வலதுகை போல்ட்டை விடாமல் இருக்க, இடதுகை தோட்டாவை வைக்கும். ஏன் இந்த அவசரம் என்றால், ஒரு மேட்சுக்கு ஏழு நிமிஷம் கொடுத்தாலும் நல்ல காற்று ஏழு நிமிஷம் நிற்காது. கொடி ஒரே மாதிரி நிற்கிற அந்த இருபது, முப்பது வினாடிக்குள் ஐந்தையும் அனுப்பிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

டூயல் போர்ட் என்றால் ரிசீவரில் இரண்டு பக்கமும் வெட்டு. விறைப்பு குறையும் என்பது தியரி. ஜெயிக்கிற ரைபிள்களில் இரண்டுமே இருக்கின்றன, அதனால் இதற்காகத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். ட்ராப் போர்ட்டில் சுட்ட கேஸ் அடியில் இருக்கும் ஓட்டை வழியாகத் தானாகக் கீழே விழும். எஜெக்டர் ஸ்பிரிங் கேஸைப் பக்கவாட்டில் தள்ளுகிற தொல்லை இல்லை.

மேகசின் வெட்டு மட்டும் வேண்டவே வேண்டாம். அடி மூடிய சிங்கிள் ஷாட்தான்.

அம்பத்தூர்_டூல்ரூம்:

அலுமினியத்தில் எனக்கு ஒரு சங்கடம் இருக்கு தம்பி. அலுமினியத்தின் வெப்ப விரிவு ஸ்டீலைப் போல சுமார் இரண்டு மடங்கு. வெயிலில் பெஞ்ச் மேல் உட்கார்ந்திருக்கிற ரைபிளில் இன்சர்ட் ஒரு பக்கம், ரிசீவர் ஒரு பக்கம் என்று விரியாதா?

வேளச்சேரி_ஃப்ளாக்:

கணக்குப்படி விரியும் சார். ஆனால் இத்தனை வருஷமாக அதே டிசைனில் மேட்ச் மேட்சாக ஜெயித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த விரிவு இலக்கில் தெரிவதாக இருந்தால் இதற்குள் எல்லாரும் விட்டு ஓடியிருப்பார்கள். வெயில்படி பார்த்தால் ஸ்கோப் மவுண்ட்தான் பெரிய சந்தேகக்கேஸ்.

அம்பத்தூர்_டூல்ரூம்:

நடப்பதை மறுக்கவில்லை. காரணத்தோடு மனசு ஒட்டவில்லை, அவ்வளவுதான். என் ஓட்டு ஸ்டீலுக்கே.

அண்ணாநகர்_ஏர்:

பெஞ்ச்ரெஸ்ட் ஒலிம்பிக்கில் இல்லையே, பிறகு எதற்கு இவ்வளவு? நேரத்தை 10 மீட்டரில் போட்டால் மாநில அளவிலாவது போகலாம்.

அடையாறு_ப்ரோன்:

ஒலிம்பிக்கில் இல்லாத கேரம் போர்டை வியாசர்பாடியில் ஆடவே கூடாதா தம்பி? அவரவர் ருசி. 2021 மாநிலப் போட்டிக்கு அஜித் வந்து போனதிலிருந்து ரேஞ்சுக்குப் புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் பிஸ்டல்தான் கேட்கிறார்கள். அதுவும் ஒரு ருசி.

அதோடு பெஞ்ச்ரெஸ்ட்டில் .22-க்கும் ஏர் ரைபிளுக்கும் தனிப் போட்டிகளே இருக்கின்றன. உலகக் கூட்டமைப்பின் இலக்கு அட்டையில் 25 வட்டம், வட்டத்துக்கு ஒரு ஷாட், முழு மதிப்பெண் 250. ரிம்ஃபயர் 50 மீட்டர், ஏர் ரைபிள் 25 மீட்டர். மேஜையில் வைத்துச் சுட்டால் சுலபம் என்று நினைப்பவர்கள் நாலு கொடி நட்டுவிட்டு ஒரு அட்டை சுட்டுப் பார்க்கட்டும். உடம்பு நடுக்கம் போய்விட்டது என்றால் மிச்சம் இருப்பது ரைபிளும் காற்றும்தான். சாக்குச் சொல்ல ஆளே இருக்காது.

வேளச்சேரி_ஃப்ளாக்:

கொடி பற்றி மேடம் சொன்னதைத் தொட்டு ஒன்று. மச்சான், உங்களிடம் காற்றுக் கொடி எத்தனை இருக்கு?

ஒகையோ_மச்சான்:

ஒன்று. அதுவும் யாரோ விட்டுப் போனது.

வேளச்சேரி_ஃப்ளாக்:

அப்படியென்றால் ஆக்‌ஷன் காசில் கொஞ்சம் எடுத்து முதலில் நாலு கொடி வாங்குங்க. ஒரு கொடி பெஞ்சுக்குப் பக்கத்தில், மற்றவை வழி நெடுக. நூறு யார்டில் பெஞ்சுக்குப் பக்கத்தில் அடிக்கிற காற்றுதான் குண்டை அதிகம் நகர்த்தும். ஆரம்பத்தில் திரும்பிய கோணம் கடைசி வரைக்கும் விரிந்துகொண்டே போகும் அல்லவா. எந்த ஆக்‌ஷனும் இதைச் சரிசெய்யாது.

இப்போது உண்மையான கேள்வி கேட்கிறேன். உங்கள் வீட்டிலிருந்து காரில் போகிற தூரத்தில் பெஞ்ச்ரெஸ்ட் கன்ஸ்மித் யார்? அவர் கடையில் எந்த ஆக்‌ஷனுக்கு ஜிக், கேஜ் எல்லாம் இருக்கு?

ஒகையோ_மச்சான்:

ஒரு பெரியவர் இருக்கார். அவர் கை பட்ட ரைபிள்தான் எங்கள் கிளப்பில் அதிகம். அவர் பாண்டாவுக்கு நிறைய பேரல் போட்டிருக்கார். அளவெல்லாம் நோட்டில் இருக்கு, ஆக்‌ஷனைக் கொண்டு போகாமலேயே பேரலைச் சேம்பர் பண்ணி பார்சலில் அனுப்புவார் என்கிறார்கள். அவரே பேட்டுக்கும் பேரல் போடுவார், ஆனால் பேட் என்றால் ஆக்‌ஷனைக் கையில் கொண்டு வா என்கிறார். கெல்ப்ளி கம்பெனியும் ஒகையோவில்தான், சூப்பர் ஷூட் போட்டி அவர்கள் ரேஞ்சில்தான் பேர் வாங்கியது. போர்டனுக்கு இங்கே ஆள் குறைவு.

வேளச்சேரி_ஃப்ளாக்:

பிறகு என்ன மச்சான், பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். மூன்றுமே நல்ல ஆக்‌ஷன். மூன்றுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தை உங்கள் இலக்கில் பார்க்கிற அளவுக்கு நீங்களும் சரி, நானும் சரி, சுடுவதில்லை. சீசன் நடுவில் பேரல் செத்தால் அடுத்த சனிக்கிழமைக்குள் வேறு பேரல் வருகிறதா என்பது மட்டும் கட்டாயம் தெரியும். உங்கள் ஊரில் பாண்டா.

அம்பத்தூர் சார் ஸ்டீலுக்கு ஓட்டுப் போட்டார் என்று தெரியும். கோபப்பட வேண்டாம்.

அம்பத்தூர்_டூல்ரூம்:

கோபமெல்லாம் இல்லை. கன்ஸ்மித் நோட்டில் அளவு இருக்கிறது என்றால் அது என் கருத்தை விடப் பெரிய விஷயம். டூல்ரூமிலும் அப்படித்தான், ஸ்பேர் ட்ராயிங் இருக்கிற மெஷினைத்தான் வாங்குவோம்.

ஆனால் ஆர்டரில் நான் சொல்கிற மூன்றை எழுதாமல் அனுப்பக் கூடாது மச்சான். எந்த ட்ரிகரோ அதற்கே டைம் பண்ணித் தரணும். போல்ட் முகம் பிபிசி. வந்தவுடன், பேரல் மாட்டுவதற்கு முன்பே, காக் ஆன நிலையில் இரண்டு லக்கும் எவ்வளவு தொடுகிறது என்று ப்ளூ தடவிப் படம் எடுத்து எனக்கு அனுப்பணும். படம் வராமல் பேரல் மாட்டினால் அக்காவிடம் சொல்லிவிடுவேன்.

ஒகையோ_மச்சான்:

அக்காவை இழுக்காதீங்க மாமா, அனுப்புகிறேன். இன்று பெரியவரிடம் பேசினேன். பாண்டா, வலது போல்ட், இடது போர்ட், பிபிசி முகம். என் ஜூவெல் ட்ரிகரைக் கழற்றி அவரிடமே கொடுத்துவிட்டேன், டைமிங்கை அவர் பார்த்துக்கொள்கிறார். ஆக்‌ஷன் கைக்கு வர மாதங்கள் ஆகும் என்றார். அதற்குள் கொடி வாங்கிவிடுகிறேன்.

கொரட்டூர்_குமரன்:

கடைசியாக ஒன்று அண்ணா. லக்கில் கிரீஸ் போடணுமா, எண்ணெயா? ஏர் ரைபிளில் எங்கள் கோச் எதையும் தொடாதே என்கிறார்.

வேளச்சேரி_ஃப்ளாக்:

கோச் சொன்னதைக் கேளு தம்பி, ஏர் ரைபிளில் தொடாதே.

சென்டர்ஃபயரில் லக்கின் பின்முகத்தில் கடுகளவு கிரீஸ், காக்கிங் கேமில் கொஞ்சம். போடாவிட்டால் லக் சொரசொரத்துப் பிய்ந்துவிடும். ஃபயரிங் பின் ஸ்பிரிங்கில் மட்டும் கிரீஸ் கூடாது. குளிரில் கெட்டியாகி அடி மந்தமாகும். ஒகையோவில் ஏப்ரல் காலைப் போட்டி என்றால் நம்ம மார்கழி எல்லாம் பக்கத்தில் நிற்காது. ஸ்பிரிங்கைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய், அதுவும் துணியில் தொட்டு.

நெறியாளர்:

டைமிங் பதிவைத் தனியாகப் பின் செய்திருக்கிறேன். ஆக்‌ஷன் வந்து லக் படம் போடும் வரை இழை திறந்திருக்கும்.